தக்கைகளுக்கு லீவு கொடுத்த அக்கா

எங்கள் குசினியில் பிடி உடைந்த கப் ஒன்று இருக்கிறது. அது ஏன் இன்னும் குப்பைக்குப் போகவில்லை, ஏன் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் கைக்கு வருகிறது என்று பிள்ளைகள் நீங்கள் இருவரும் கேட்டபடியே இருக்கிறீர்கள். "எப்பவும் அண்ணாவே அதிலை குடிக்கட்டும், எனக்கு நல்லதைத் தாங்கோ" என்று நேற்றுச் சின்னவள் சொன்னாள். அப்போதுதான் அந்த அக்காவைப் பற்றி உங்களுக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது. கப்பை முறைவைத்துக் கொடுக்கும் பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது.

பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் "என்னத்துக்கு என்னை இழுக்கிறாய்" என்று கேட்பார். பட்டறையில் எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட வயதில் மூத்த முதலாளிக்கும் அக்காதான்.

உங்கள் அம்மாவைக் கலியாணம் கட்டிய புதிதில் நான் அச்சுவேலியில் ஒரு பட்டறையில் வேலை செய்தேன். இரும்புச் சாமான்களுக்குத் தூள் பெயின்ற் அடிக்கிற இடம். கேற், யன்னல் கம்பி, கட்டில், தண்ணீர்ப் பம்பின் கூடு என்று எல்லாம் வரும். அங்கே தூரிகைக்கு வேலை இல்லை. மா மாதிரி இருக்கிற பெயின்ற் தூளை துப்பாக்கி மாதிரிப் பிடிக்கிற மின்சாரத் துவக்கால் விசிறினால் அது போய் இரும்பில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சாமானைப் பாண் சுடுகிற போறணை போன்ற பெரிய பெட்டிக்குள் தள்ளி வேகவைப்போம். நாங்களும் அதைப் போறணை என்றே சொல்லுவோம். வெந்து வரும்போது தூள் உருகி, இரும்புக்குத் தோல் முளைத்த மாதிரி இறுகப் பிடித்திருக்கும்.

ஆனால் எல்லா இடத்திலும் தூள் படக்கூடாது. போல்ற் பூட்டுகிற துவாரம், புரி வெட்டிய இடம், எண்ணெய் போகிற வாய் இவற்றுக்குள் தூள் போய் வெந்துவிட்டால் பிறகு எதையும் பூட்ட முடியாது. அதனால் தூள் அடிக்க முதல் அந்தத் துவாரங்களில் றப்பர் தக்கைகளைச் செருகுவோம். சூடு தாங்குகிற றப்பர். சுண்டுவிரல் நுனி அளவிலும் உண்டு, கத்தரிக்காய் அளவிலும் உண்டு. சாமான் வெந்து வந்ததும் தக்கைகளைப் பிடுங்கித் துப்புரவாக்கித் திரும்பவும் பாவிப்போம். கொழும்பிலிருந்து வரவேண்டிய பொருள். ஒரு தடவை பாவித்துவிட்டு எறிய முடியாது.

அந்தத் தக்கைகள் அக்காவின் பொறுப்பு.

அவர் வருவதற்கு முதல் தக்கைகள் எல்லாம் ஒரு பழைய பெயின்ற் வாளிக்குள் கிடந்தனவாம். அவசரத்தில் கையை விடுகிறவர் மேலே கிடப்பதைத்தான் எடுப்பார். மேலே கிடந்தவை ஒவ்வொரு நாளும் வெந்து வெந்து வெடித்துப் போயின. அடியில் கிடந்தவை வெளிச்சமே காணவில்லை. அக்கா வந்த கிழமையே சந்தையில் முட்டைக் கடைக்காரரிடம் மூன்று பிளாஸ்ரிக் முட்டைத் தட்டுகள் வாங்கிக்கொண்டு வந்தார். பச்சை, சிவப்பு, மஞ்சள். ஒரு குழிக்கு ஒரு தக்கை. பச்சைத் தட்டு இன்றைக்கு வேலைக்குப் போனால் சிவப்பு, சுவரில் அடித்த மேல் பலகையில் துணி மூடிப் படுத்திருக்கும். மஞ்சள் அக்காவின் மடியில் இருக்கும். ஒவ்வொரு தக்கையாக எடுத்து, ஒட்டிய தூளை உதிர்த்து, இரண்டு விரலுக்கு இடையில் மடித்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். அடுத்த நாள் எல்லாம் ஒரு இடம் தள்ளிப் போகும்.

"சுட்டதை உடனை திரும்பச் சுட்டால் அது என்னண்டு தாங்கும்? ஆறட்டும்" என்பார்.

தூள் அடிக்கிற சின்னராசா அண்ணைக்கு அக்காவைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. நெடிய மனிசன். துவக்கைப் பிடித்தபடியே முகமூடிக்குள்ளால் கதைத்துக்கொண்டிருப்பார்.

"அக்கா, உந்தத் தக்கையளுக்குச் சம்பளத்தோடை லீவோ, சம்பளம் இல்லாமலோ?"

"சம்பளத்தோடைதான். உன்ரையிலை வெட்டித்தான் குடுக்கிறம்."

அவர் தக்கைகளை எண்ணிப் பார்த்து நான் கண்டதில்லை. "எண்ணினால் ஆரும் வந்து கதை குடுப்பினம், பிழைச்சுப்போம். குழியைப் பார். குழி பொய் சொல்லாது" என்று எனக்குச் சொல்லித்தந்தார். பின்னேரம் தட்டில் ஒரு குழி வெறுமையாக இருந்தால் யாரும் வீட்டுக்குப் போகமுடியாது. போறணைக்குக் கீழே, சாமான் தூக்கும் கொழுக்கிகளில், கூட்டிய குப்பையில் என்று தேடி, தக்கை அகப்பட்ட பிறகுதான் சைக்கிள்கள் வெளிக்கிடும். பிடுங்க வராத தக்கைக்கென்று நுனி வளைத்த கம்பி ஒன்று வைத்திருந்தார். அதைக் கொண்டையில் செருகியிருப்பார். ஒரு நாள் அந்தக் கம்பியைத் தேடு தேடென்று தேடினார். நாங்கள் எல்லோரும் அவருடைய தலையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றோம்.

ஒருமுறை முதலாளி புதுத் தக்கைகள் எடுப்பித்தார். பளபளவென்று, கிள்ளிப் பார்க்க ஆசையாக இருந்தன. "எல்லாத்தையும் ஒரு தட்டிலை போடுங்கோ அக்கா, நல்ல வேலையளுக்கு அதைப் பாவிப்பம்" என்றார். அக்கா மூன்று தட்டிலும் பிரித்துப் போட்டார்.

"என்னக்கா இது, நான் சொன்னது வேறையெல்லே" என்றார் முதலாளி.

"புதுசு எல்லாம் ஒரு தட்டிலை இருந்தால் ஒவ்வொரு நாளும் அந்தத் தட்டைத்தான் இழுப்பாங்கள். வருஷம் முடிய முதல் புதுசு செத்துப்போம். பழசு படுத்துப் படுத்துக் காய்ஞ்சுபோம். பேந்து உங்களிட்டை ரெண்டும் இராது."

முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

முறை என்பது அவருக்குத் தக்கைகளோடு நிற்கவில்லை. சைக்கிளின் முன் ரயரையும் பின் ரயரையும் மாற்றி மாற்றிப் போடுவார். நிலத்தில் நிற்கிற மின்காற்றாடி ஒரே ஆளைப் பார்த்துக்கொண்டு இருந்தால் வந்து மூஞ்சியைத் திருப்பிவிடுவார். தேத்தண்ணிக் கப்புகளில் ஒன்றுக்குப் பிடி உடைந்திருந்தது. புதிதாக வேலைக்கு வந்தவன் என்று முதல் கிழமை எனக்கு அதைத்தான் தந்தார்கள். அக்கா கண்டார். அடுத்த நாள் அது சின்னராசா அண்ணைக்குப் போனது. அதற்கு அடுத்த நாள் முதலாளிக்கு. முதலாளி கையைச் சுட்டுக்கொண்டு, "இது ஆர் வைச்சது" என்று கேட்டார்.

"இண்டைக்கு உங்கடை முறை" என்றார் அக்கா.

வெடித்த தக்கைகளையும் அவர் எறிவதில்லை. தன் வீட்டுத் தையல் மெசினின் காலுக்குக் கீழே, ஆடுகிற மேசைக்குக் கீழே, கோழிக்கூட்டுக் கதவில் என்று ஏதாவது ஆறுதலான வேலை தேடிக் கொடுப்பார்.

இப்படி எல்லாவற்றுக்கும் முறை பார்க்கிறவர் தனக்கு மட்டும் முறை வைக்கவில்லை. லீவு எடுக்கமாட்டார். தட்டுகளை இன்னொருவர் கையில் விட்டுப் போக மனம் வராது. அவருடைய ஊர்க் கோவில் தேருக்கு முதல் நாளில் வேளைக்கு வீட்டுக்குப் போய்த் துப்புரவாக்கி, விரதம் பிடித்து, விடியத் தேர் பார்க்கவேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லுவார். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அந்த முதல் நாளில் பார்த்து ஒரு குழி வெறுமையாகிவிட்டது. பொழுது பட்ட பிறகும் அவர் தேடிக்கொண்டு நின்றார். அது ஒரு கட்டிலின் காலுக்குள்ளிருந்து மறுநாள்தான் வந்தது. பட்டறை பூட்டியிருந்த மறுநாளும் அதைத் திறப்பித்துத் தேடினபடியால் தேர் போய்விட்டது.

அதற்கு அடுத்த வருஷம் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது.

யுத்தத்தால் இடம்பெயர்ந்த ஆட்கள் மயிலிட்டிக் கரையில் திரும்பவும் குடியேறிக்கொண்டிருந்த காலம். மரியதாஸ் என்று ஒரு கடற்தொழிலாளி. கன வருஷம் வேறு கரைகளில் கூலிக்குக் கடலுக்குப் போனவர். தன் ஊருக்குத் திரும்பி வந்து பழைய இஞ்சின் போட் ஒன்றை வாங்கித் திருத்திக்கொண்டிருந்தார். அதன் டீசல் தாங்கியை உப்பு அரித்துவிட்டது. ஓட்டைகளை ஒட்டி, நீல நிறம் அடித்துத் தரும்படி எங்களிடம் கொண்டுவந்தார். அது தேருக்கு முதல் நாள் மத்தியானம் வெந்து வெளியே வந்தது. நானும் இரண்டு பேரும் வெளியே லொறியில் கேற் ஏற்றிக்கொண்டிருந்தோம். சின்னராசா அண்ணைதான் தாங்கியின் தக்கைகளைப் பிடுங்கிப் பச்சைத் தட்டில் வைத்தார். மரியதாஸ் வந்து தாங்கியைத் தடவிப் பார்த்து, வாயெல்லாம் சிரிப்பாக ஏற்றிக்கொண்டு போனார். அக்கா தட்டை எட்டிப் பார்த்தார். குழிகள் நிறைந்திருந்தன. அந்த வருஷம் வேளைக்கு வீட்டுக்குப் போனார். போகும்போது சைக்கிள் மணியை ஒருமுறை சும்மா அடித்தார்.

தேரன்று பட்டறை பூட்டு. அதற்கு அடுத்த நாள் காலை அக்கா திருநீறும் ஒரு பெரிய பை கச்சான் கடலையும் கொண்டுவந்தார். எல்லோருக்கும் கை நிறையக் கொடுத்தார். "வடம் பிடிச்சனான்" என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னார். உள்ளங்கையில் கயிறு தேய்ந்த சிவப்பைக் காட்டினார். பிறகு மேல் பலகையில் படுத்திருந்த சிவப்புத் தட்டை வேலைக்கு எடுத்துத் துணியை விலக்கினார்.

ஒரு குழி வெறுமை.

"இதென்ன" என்றார். "வேலைக்கே போகாத தட்டிலை என்னண்டு ஒண்டு குறையும்?"

அக்கா திரும்பி எங்கள் முகங்களைப் பார்த்தார். சின்னராசா அண்ணையின் வாய் நிறையக் கச்சான். அதை அவர் மெல்லவில்லை.

"சின்னராசா, விழுங்கிப்போட்டுச் சொல்லு."

"நான்தானக்கா. அண்டைக்குத் தாங்கியைக் கழட்டேக்கை பச்சையிலை ஒரு சின்னத் தக்கை குறைஞ்சது. எங்கையும் உருண்டிருக்கும், பேந்து தேடுவம் எண்டு நினைச்சன். நீங்கள் கண்டால் போகமாட்டியள். போன வருஷமும் தேர் பார்க்கேல்லை. அதுதான் சிவப்பிலை ஒண்டை எடுத்து…"

"அடுத்தது சிவப்பின்ரை முறை எண்டு யோசிக்கேல்லையோ?"

"நீங்கள் தேர் பார்க்கவேணும் எண்டுதான் யோசிச்சன்."

அக்கா அவரை ஏசவில்லை. கச்சான் பையை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து தேடத் தொடங்கினார். நாங்களும் தேடினோம். போறணையின் அடி, குப்பை, கொழுக்கி எல்லாம் பார்த்து முடிய மத்தியானம் கழிந்துவிட்டது. இல்லை. அக்கா நிமிர்ந்து கேட்டார்.

"அந்தச் சின்னத் தக்கையைத் தாங்கியிலை எதுக்குச் செருகினனி?"

"மேலை நிக்கிற காத்துக் குழாய்க்கு."

"பிடுங்கின ஞாபகம் இருக்கோ?"

அண்ணை யோசித்தார். "குழாயிலை தக்கையின்ரை தலை ஒண்டும் தெரியேல்லை அக்கா. நான் ஏற்கெனவே பிடுங்கிப்போட்டன் எண்டு நினைச்சன்."

அக்கா முதலாளியிடம் போய், மரியதாஸுக்கு உடனே போன் எடுக்கச் சொன்னார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. கரையில் நிற்கும்போது அவர்கள் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவது உண்டு. இரண்டாம் தரமும் எடுக்கவில்லை. "இண்டைக்குப் பின்னேரம் முதல் பயணம் எண்டவன்" என்றார் முதலாளி. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உன்ரை மோட்டார் சைக்கிளிலை எண்ணெய் கிடக்கோ?"

அதுவரை அவர் மோட்டார் சைக்கிளில் ஏறியதே இல்லை. ஒரு பக்கமாக இருந்து, என் சேட்டின் பின்பக்கத்தைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். கெதியாக ஓடு என்றும் ஆறுதலாக ஓடு என்றும் மாறி மாறிச் சொன்னார்.

மயிலிட்டியில் போட் கரையோடு கட்டி நின்றது. முன் அணியத்தில் பூமாலை. உள்ளே மாதா படம். மரியதாஸின் மனைவியும் பிள்ளைகளும் புது உடுப்போடு நின்றார்கள். ஐஸ், வலை எல்லாம் ஏற்றியாயிற்று. அவர் கயிற்றை அவிழ்க்கக் குனிந்த நேரம் நாங்கள் போய்ச் சேர்ந்தோம்.

"தம்பி, தாங்கியை ஒருக்காப் பாக்கவேணும்" என்றார் அக்கா.

மரியதாஸின் முகம் மாறிவிட்டது. "பாக்கிறதுக்கு என்ன கிடக்கு? பூட்டி, டீசல் ஊத்தி, காலமை இஞ்சினையும் ஓட்டிப் பாத்தாச்சு. நேரம் வைச்சு வெளிக்கிடுறம். இந்த நேரத்திலை மறிக்காதேங்கோ அக்கா."

பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு கிழவர், "முதல் பயணத்திலை ஆள் குறுக்கை வந்தால் விளங்கினமாதிரித்தான்" என்றார்.

"மறிக்கத்தான் வந்தனான்" என்றார் அக்கா. "காலமை இஞ்சின் ஓடேக்கை டீசல் ஊத்துற வாய் மூடியிருந்ததோ, திறந்திருந்ததோ?"

"திறந்துதான். ஊத்திக்கொண்டெல்லே நிண்டனாங்கள்."

"இப்ப?"

"இப்ப இறுக்கிப்போட்டன்."

அக்கா அவரை விட்டுவிட்டுப் பிள்ளைகளிடம் திரும்பினார். "பிள்ளையள், தேத்தண்ணிக்கு டின்பால் உடைக்கேக்கை எத்தினை ஓட்டை போடுவியள்?"

"ரெண்டு" என்றான் மூத்தவன்.

"ஒண்டு மட்டும் போட்டால்?"

"பால் வராது. காத்துப் போகவேணும்."

அவ்வளவுதான். மரியதாஸ் கயிற்றைக் கீழே போட்டார். தாங்கியில் டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போகவேண்டும். அதற்குத்தான் அந்தச் சின்னக் குழாய். அது அடைபட்டிருந்தால் கொஞ்சத் தூரம் போனதும் டீசல் வராது. இஞ்சின் நின்றுவிடும். எங்கே நிற்கும் என்று அவருக்குத்தான் தெரியும். கரை தெரியாத இடத்தில் நிற்கும்.

"ஊத்துற மூடியைக் கழட்டிப்போட்டுக் குழாயிலை வாயை வைச்சு ஊதிப் பாருங்கோ" என்றார் அக்கா.

மரியதாஸ் முழங்காலில் இருந்து ஊதினார். கன்னம் இரண்டும் புடைத்து, கண் சிவந்து, கழுத்து நரம்பு எழும்பியது. சின்னப் பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. காற்றுப் போகவில்லை. அவர் வாயை எடுத்தபோது பெரிய ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கிழவர் வலையைக் கீழே வைத்துவிட்டு எழும்பி வந்தார்.

அக்கா போட்டுக்குள் இறங்கிக் குழாயின் வாயை விரலால் தடவினார். தக்கை தலையோடு உள்ளே அமுங்கிப் போயிருந்தது. அதன் மேல் தூள் பட்டு வெந்து, தாங்கியோடு தாங்கியாக நீலமாக இருந்தது. பார்த்தால் ஒருவருக்கும் தெரியாது. பட்டறையிலிருந்து கொண்டுவந்த சவர அலகால் அந்தத் தோலை வட்டமாக வெட்டினார். கொண்டையிலிருந்து கம்பியை உருவினார். போட் ஆடியது. இரண்டு தரம் கம்பி வழுக்கியது. மூன்றாம் தரம் கொளுவி, மூச்சைப் பிடித்து இழுத்தார். தக்கை கையோடு வந்தது.

மரியதாஸ் திரும்ப ஊதினார். உள்ளே போன காற்று டீசல் ஊற்றுகிற வாயால் உஸ்ஸென்று வெளியே வருகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"எங்கடை பிழை தம்பி" என்றார் அக்கா. "வெட்டின இடம் துருப்பிடிக்கும். இப்போதைக்குக் கிறீஸ் பூசிவிடுங்கோ. வந்தாப்போலை நான் செய்து தாறன். நேரத்தையும் கெடுத்துப்போட்டம்."

மரியதாஸ் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய மனைவிதான் சொன்னார். "அதிலை ஒண்டுமில்லை அக்கா. இனித்தான் நல்ல நேரம்."

போட் போய்ப் புள்ளியாகும் வரை அக்கா கரையில் நின்றார். ஈரமான தக்கையைச் சேலைத் தலைப்பில் முடிந்திருந்தார்.

நாங்கள் திரும்பி வரும்வரை சின்னராசா அண்ணை பட்டறை வாசலிலேயே நின்றார். அக்கா அந்தத் தக்கையை மடித்துப் பார்த்தார். வெடிப்பு இல்லை. பச்சைத் தட்டில் இருந்த சிவப்புத் தட்டின் தக்கையை எடுத்து அதன் குழியில் வைத்தார். இதைப் பச்சையில் வைத்தார். பிறகுதான் அண்ணையோடு கதைத்தார்.

"எனக்கு லீவு வேணும் எண்டு நீ ஒருத்தன்தான் யோசிச்சனி. அது பெரிய காரியம். ஆனால் குழியை மூடி எனக்கு லீவு தராதை. வெறுமையாக் கிடந்தால் நான் இல்லாட்டியும் ஆரும் தேடுவாங்கள். மூடினால் ஆர் தேடுறது?"

அன்றைக்கும் அடுத்த நாளும் பிடி உடைந்த கப் சின்னராசா அண்ணைக்கே வந்தது. முறை இல்லாமல் அது ஒருவருக்கு வந்ததை நான் அப்போது மட்டும்தான் கண்டேன். அவரும் மூச்சுக்காட்டாமல் கையைச் சுட்டுக்கொண்டு குடித்தார்.

அந்தக் கிழமை முடிவில் அண்ணையே ஒரு கதையைத் தொடக்கினார். "அக்கா, தட்டுக்கு முறை இருக்கு, கப்புக்கு முறை இருக்கு. உங்களுக்கு எங்கை? வெள்ளிக்கிழமைப் பின்னேரம் நீங்கள் வேளைக்குப் போங்கோ. தட்டை நாங்கள் மாறி மாறிப் பாக்கிறம்." அக்கா அதற்கு என்னென்னவோ சாட்டுச் சொன்னார். முதலாளியும் சேர்ந்துகொண்டார். கடைசியில் ஓம் என்றார்.

முதல் வெள்ளிக்கிழமை என் முறை. அக்கா கேற் வரை போய், திரும்பி வந்து, மஞ்சள் தட்டில் எது வெடிக்கப் பார்க்கிறது என்று எனக்குக் காட்டிவிட்டுத் திரும்பவும் போனார். பின்னேரம் சாமான்களைக் கழற்றி முடித்தபோது மஞ்சள் தட்டில் ஒரு குழி வெறுமையாக இருந்தது. நான் சின்னராசா அண்ணையைப் பார்த்தேன். அண்ணை என்னைப் பார்த்தார். மேல் பலகையின் பக்கம் இரண்டு பேரும் திரும்பவில்லை. அண்ணை போய்க் கேற்றைப் பூட்டினார். நான் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, மஞ்சளிலை ஒரு குழி வெறுமை."

அந்தப் பக்கம் கோழிகள் கத்துவது கேட்டது. "சாமான் ஏதும் வெளியிலை போட்டுதோ?"

"இல்லை. ஒண்டும் போகவிடேல்லை. கேற்றும் பூட்டியாச்சு."

"நல்லது. கட்டில் கால்களைக் கவிட்டுப் பாத்தியளோ?"

"இனித்தான். நீங்கள் ஒருக்கா வாறியளோ அக்கா?"

அவர் கோழிக்கூட்டுக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. சைக்கிளை எடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இல்லைத் தம்பி, நீங்கள் தேடுங்கோ" என்றார். "எனக்கு இண்டைக்கு லீவு."